ஹெரால்டுக்கு முகம் வரைந்தவர்



நம் குடியிருப்பின் பின்பக்கப் பார்க்கிங்கில், ஜெனரேட்டர் அறைக்கு எதிரே, தார்ப்பாய் போர்த்தி ஒரு வண்டி நிற்கிறதே, அதைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. மழைக்காலத்தில் பூனை குட்டி போடுவது அதன் கீழேதான். ஓடாத வண்டிகளை அகற்றி அந்த இடத்தை இருசக்கர வாகனங்களுக்கு ஒதுக்குவது பற்றி வரும் பொதுக்குழுவில் பேசப்போவதாகப் போன இதழில் செயலாளர் எழுதியிருந்தார். நான் செயற்குழுவில் இல்லை. எனக்குக் காரும் இல்லை. ஆனாலும் அந்த அறிவிப்பைப் படித்த அன்று மாலை கீழே இறங்கிப் போய், உரிமையாளரின் அனுமதியோடு தார்ப்பாயை ஒரு முழம் தூக்கிப் பார்த்தேன். உள்ளே இருப்பது இரண்டு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. சென்னையில் செய்தது. அவருடைய அப்பா பட்டு வியாபாரி. ஆரணியிலிருந்து காஞ்சிபுரத்துக்கும் மெட்ராசுக்கும் புடவைக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு போய்வந்த வண்டியாம். சிறுவனாக இருந்தபோது பஜார் தெருவில் அதன் பின்னால் நானே ஓடியிருக்கலாம். அந்தக் காலத்தில் ஊரில் இருந்த கார்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

கூடவே நின்ற ஒரு கல்லூரி மாணவன், நம் குடியிருப்புப் பிள்ளைதான், முன்பக்கத்தைப் பார்த்துவிட்டு இது ஸ்போர்ட்ஸ் காரா என்று கேட்டான். இல்லை, குடும்பக் கார் என்றேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோது என் பதில் பாதிதான் சரி என்று பட்டது. இந்த ஹெரால்டின் சட்டத்தைக் கொஞ்சம் குறுக்கி, அதே மனிதர் அதே பென்சிலால் வேறு உடல் வரைந்தபோது பிறந்ததுதான் உலகப் புகழ் பெற்ற ஸ்பிட்ஃபயர். அந்த மனிதர் யார் என்று கேட்டால் நம்மில் பலருக்குச் சொல்லத் தெரியாது. ஓய்வு பெற்ற பிறகு கிடைக்கும் நேரத்தில் பழைய கார்களைப் பற்றிப் படிப்பது எனக்கு ஒரு பழக்கமாகிவிட்டது. படித்ததை எழுதுகிறேன்.

அவர் பெயர் ஜியோவானி மிக்கெலோட்டி. இத்தாலியின் டூரின் நகரில் 1921 அக்டோபர் 6 அன்று பிறந்தார். நமக்குப் பட்டு என்றால் ஆரணி, காஞ்சிபுரம் போல, இத்தாலிக்குக் கார் என்றால் டூரின். ஃபியட் தொழிற்சாலை அங்கேதான். அதைச் சுற்றி, காருக்கு உடல் செய்யும் சிறு பட்டறைகள் ஏராளமாக இருந்தன. அந்த நாளில் பணக்காரர் ஒருவர் எஞ்சினும் சட்டமும் சக்கரமும் மட்டும் உள்ள வண்டியை வாங்கி, இந்தப் பட்டறை ஒன்றில் கொடுத்து, தனக்குப் பிடித்த உடலைச் செய்து வாங்கிக்கொள்வார். தகட்டை மரச் சட்டத்தின்மேல் வைத்துக் கையால் தட்டி வளைக்கும் வேலை. தட்டுகிறவர் வேறு, வரைகிறவர் வேறு.

மிக்கெலோட்டி பதினைந்து, பதினாறு வயதிலேயே ஸ்டாபிலிமென்ட்டி ஃபரீனா என்ற பட்டறையில் வேலை கற்கச் சேர்ந்தார். பெரிய படிப்பு எதுவும் அவருக்கு இல்லை. கையில் வரைபடம் இருந்தது, அவ்வளவுதான். டூரின் மேல் குண்டு விழுந்த போர்க்காலமும் அவருடைய இளமையோடு கழிந்தது. போர் முடிந்து, நாடே சைக்கிளில் போய்க்கொண்டிருந்தபோது, 1949இல் வேலையை விட்டுவிட்டுத் தனியாக வரைபட அறை ஒன்றைத் திறந்தார். அப்போது வயது 28கூட நிரம்பவில்லை. மாதச் சம்பளத்தை விட்டு வெளியே வருவது எப்படிப்பட்ட காரியம் என்று முப்பத்தைந்து வருஷம் ஒரே வங்கியில் குமாஸ்தாவாக உட்கார்ந்திருந்த எனக்கு நன்றாகவே தெரியும். நான் வரவில்லை.

அவர் யாருக்கும் சொந்தமாக இல்லாமல் எல்லோருக்கும் வரைந்தார். வின்யாலே, அல்லேமானோ, பெர்தோனே என்று ஒன்றோடொன்று போட்டி போட்ட பட்டறைகளுக்கு ஒரே சமயத்தில் வரைந்து கொடுத்தார். அவர்களும் அதைக் குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதுதான் வியப்பு. இவற்றில் ஆல்ஃப்ரெடோ வின்யாலேயோடு இருந்த உறவு நெருக்கமானது. மிக்கெலோட்டி வரைவார், வின்யாலே தட்டுவார். ஃபெராரி நிறுவனம் சின்னஞ்சிறியதாக இருந்த அந்த ஆண்டுகளில் அதன் பந்தயக் கார்கள் பலவற்றுக்கு உடல் போர்த்தியது இந்த ஜோடி. ஆயிரம் மைல் தூரம் பொதுச் சாலையிலேயே ஓடும் மில்லே மில்யா பந்தயத்தில் 1951, 1952, 1953 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வென்றவை வின்யாலே உடல் கொண்ட ஃபெராரிகள். அமெரிக்காவின் கன்னிங்ஹாம் சி3, மசெராட்டியின் 3500 திறந்த கார் இரண்டும் இந்தக் கூட்டின் பிள்ளைகளே.

ஆனால் காரின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த சின்னத்தில் வின்யாலே என்றுதான் இருந்தது. வரைந்தவர் பெயர் இல்லை. இது நம்மூர்க்காரர்களுக்குப் புதிதல்ல. ஒரு புடவையின் முந்தியில் மயிலும் கரையில் ருத்ராட்சமும் வைப்பதற்கு முதலில் ஒருவர் கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு கட்டமாக வண்ணம் தீட்டுகிறார். அதைப் பார்த்து ஜக்கார்டு அட்டையில் துளை போடுகிறார்கள். பிறகுதான் தறி. கடையில் புடவை வாங்குகிற பெண்மணிக்குக் கடையின் பெயர் தெரியும், சில சமயம் நெய்தவர் பெயர் தெரியும். கட்டம் போட்டவர் பெயர் தெரியாது. என் மாமனார் அந்தக் கட்டம் போடும் வேலையில் நாற்பது வருஷம் இருந்தார். ஒரு முகூர்த்தத்துக்குப் போனால் மணமேடையில் இருக்கும் புடவையைப் பார்த்துவிட்டு வாயே திறக்காமல் சாப்பிடப் போய்விடுவார். வீட்டுக்கு வந்த பிறகு அத்தைதான் சொல்வார்கள், அது இவர் போட்டது என்று.

மிக்கெலோட்டியின் வாழ்க்கையில் திருப்பம் 1957இல் இங்கிலாந்திலிருந்து வந்தது. கோவென்ட்ரி நகரில் ஸ்டாண்டர்டு டிரையம்ப் என்ற நிறுவனம் இருந்தது. மெட்ராசில் யூனியன் கம்பெனியோடு சேர்ந்து வண்டலூர்ப் பக்கம் தொழிற்சாலை நடத்திய அதே ஸ்டாண்டர்டு. புதிய சிறு கார் ஒன்று கொண்டுவர வேண்டும், ஆனால் அவர்களிடம் நல்ல வடிவமைப்பாளர் இல்லை. சொந்த ஆட்கள் வரைந்ததெல்லாம் மொத்தையாக வந்தது. அங்கே தலைமைப் பொறியாளராக இருந்த ஹாரி வெப்ஸ்டருக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. வெளியே ஒருவர் சில மாதங்களில் முழு மாதிரி வண்டியையே செய்துகாட்டுகிறேன் என்று ஒப்பந்தம் பேசினார், அப்படியே செய்தும் காட்டினார். இங்கிலாந்தில் யாராலும் அந்த வேகத்தில் முடியாது. பின்னால் இருப்பது யார் என்று துருவிப் பார்த்ததில் டூரினில் உள்ள மிக்கெலோட்டி என்று தெரிந்தது. வெப்ஸ்டர் நேராகப் போய்ச் சேர்ந்தார். அதன் பிறகு ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் டிரையம்ப் என்ற பெயரில் வந்த கார்களில் பெரும்பாலானவை மிக்கெலோட்டியின் மேசையிலிருந்து போனவை.

அவர் வரையும் வேகத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசியிருக்கிறார்கள். எதிரில் உட்கார்ந்திருப்பவர் தனக்கு என்ன வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே தாளில் கார் வந்துவிடுமாம். நிபந்தனைகளைக் கேட்டுக்கொண்டு வரைவார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஹெரால்டுக்கு இருந்த நிபந்தனை விசித்திரமானது. டிரையம்புக்கு உடல் தகடு அழுத்திக் கொடுத்துக்கொண்டிருந்த நிறுவனத்தைப் போட்டி நிறுவனம் வாங்கிவிட்டது. முழு உடலையும் ஒரே கூடாகச் செய்து தர ஆள் இல்லை. ஆகவே பழைய முறைப்படி தனிச் சட்டம் வைத்து, அதன்மேல் உடலைத் துண்டு துண்டாக போல்ட் போட்டு இறுக்க வேண்டும். ஒவ்வொரு துண்டையும் வேறு வேறு ஊரில் சிறிய இயந்திரத்தில் அழுத்திக்கொள்ளலாம்.

இந்தக் கட்டாயத்திலிருந்துதான் ஹெரால்டின் அழகெல்லாம் வந்தது. முன்பக்கம் முழுவதும், பானெட், இரண்டு மட்கார்டு, விளக்கு எல்லாமே ஒரே துண்டு. பக்கவாட்டுக் கொக்கிகளை விடுவித்துத் தூக்கினால் முதலை வாய் திறப்பது போல முன்னோக்கிச் சாயும். எஞ்சினும் முன் சக்கரங்களும் அப்படியே வெளியே தெரியும். மெக்கானிக் டயர்மேல் உட்கார்ந்தே வேலை பார்க்கலாம். கூரைத் தூண்கள் மெல்லியவை, சுற்றிலும் கண்ணாடி. முன் சக்கரம் திரும்பும் கோணமோ லண்டன் டாக்சிக்குச் சமம். சுமார் 25 அடி வட்டத்துக்குள் வண்டி திரும்பிவிடும். ஆரணி பெரிய கடைத் தெருவில் அந்தப் பட்டு வியாபாரி ஒரே வீச்சில் வண்டியைத் திருப்புவதை வேடிக்கை பார்த்த ஞாபகம் எனக்கு இன்னும் இருக்கிறது. அம்பாசடர் மூன்று தடவை ரிவர்ஸ் எடுக்கும்.

1959 ஏப்ரலில் ஹெரால்டு வெளிவந்தது. துண்டு துண்டாகப் பிரிக்கக்கூடிய கார் என்பதால் பெட்டியில் அடைத்துக் கப்பலில் அனுப்பி வேறு நாட்டில் கோத்துக்கொள்ள வசதி. 1961இல் மெட்ராசில் கோக்க ஆரம்பித்தார்கள், மெல்ல மெல்ல உள்ளூர்ப் பாகங்களே போட்டார்கள். இங்கே அது டிரையம்ப் இல்லை, ஸ்டாண்டர்டு ஹெரால்டு. எஞ்சின் 948 சிசி. இந்தியக் குடும்பத்துக்கு இரண்டு கதவு போதாது என்று 1960களின் பிற்பாதியில் நம் ஆட்களே நான்கு கதவு வைத்து ஒன்றைச் செய்தார்கள். இங்கிலாந்திலேயே கிடையாத வண்டி அது. 1972இல் அதையே மாற்றி கஸல் என்று விட்டார்கள்.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். ஹெரால்டின் பின் சக்கரங்கள் தனித்தனியே ஆடும் அமைப்பு. ஆள் ஏறாதபோது சக்கரங்கள் ஒருமாதிரி காலை அகட்டி நிற்கும், வளைவில் வேகமாகத் திரும்பினால் பின்பக்கம் தூக்கிக்கொண்டு போகும், டயர் ஒருபக்கமாகத் தேயும். நம் மெக்கானிக்குகளுக்கு அது பிடிக்கவே இல்லை. கஸலில் அதை எடுத்துவிட்டு வழக்கமான பின் அச்சைப் போட்டார்கள். இதில் மிக்கெலோட்டியின் பங்கு எதுவும் இல்லை. அவர் வரைந்தது மேலே தெரிவதை மட்டுந்தான்.

ஸ்பிட்ஃபயர் கதைக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் முக்கியமாக உட்கார்ந்தேன்.

ஹெரால்டின் சட்டத்தைக் குறுக்கி இரண்டே பேர் உட்காரும் திறந்த கார் ஒன்றை மிக்கெலோட்டி வரைந்தார். மாதிரி வண்டியும் தயாரானது. அதற்குள் ஸ்டாண்டர்டு டிரையம்புக்குப் பணமுடை. ஹெரால்டுக்குப் போட்ட முதல் திரும்பவில்லை, விற்பனை சரிந்தது, ஓவர்டிராப்டு மேல் ஓவர்டிராப்டு. புதிய கார் என்ற பேச்சையே நிறுத்தி, மாதிரி வண்டியைத் தொழிற்சாலையின் ஒரு மூலையில் துணி போர்த்தி நிறுத்திவிட்டார்கள். 1961இல் லாரி செய்யும் லேலண்டு நிறுவனம் டிரையம்பை வாங்கியது. நம் எண்ணூர் அசோக் லேலண்டின் பெயரில் பாதி எங்கிருந்து வந்ததோ அந்த லேலண்டு. புது முதலாளிகளின் ஆட்கள் சொத்துக் கணக்கெடுக்கத் தொழிற்சாலையைச் சுற்றி வந்தபோது மூலையில் இருந்த துணியை விலக்கிப் பார்த்தார்கள். அதிகம் யோசிக்கவில்லை, உற்பத்திக்கு அனுமதி கொடுத்துவிட்டார்கள். 1962இல் லண்டன் கண்காட்சியில் வெளிவந்தது. 1980 வரை, பதினெட்டு ஆண்டுகளில், 3 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள்.

வங்கியில் வாராக்கடன் பிரிவில் இரண்டு வருஷம் இருந்தேன். மூடிய ஆலைகளுக்குப் போய் அடமானச் சொத்தைப் பட்டியல் எடுப்போம். துருப்பிடித்த இயந்திரம், உடைந்த நாற்காலி, எண்ணிக்கை, உத்தேச மதிப்பு. எந்தத் துணியையும் நான் விலக்கிப் பார்த்ததில்லை. இதரப் பொருள்கள் என்று ஒரே வரியில் எழுதிவிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

ஸ்பிட்ஃபயரில் அப்படி என்ன இருந்தது? ஹெரால்டின் முன்புறமாகச் சாயும் பானெட் அப்படியே இருந்தது. ஆனால் வண்டி தாழ்ந்துவிட்டதால் அது இன்னும் நீண்டு தெரிந்தது. கதவு இடுப்புக்குக் கீழே. உட்கார்ந்தபடி கையைத் தொங்கவிட்டால் தார் ரோடு அருகிலேயே இருக்கும். அந்த ஆண்டில் அதன் போட்டிக் காரான ஸ்ப்ரைட்டுக்கு ஜன்னல் கண்ணாடியே கிடையாது, திரைபோல மாட்டிக்கொள்ள வேண்டும். ஸ்பிட்ஃபயரில் கைப்பிடி சுற்றி ஏற்றும் கண்ணாடி. எடை சுமார் 700 கிலோ. எஞ்சின் குடும்பக் காரினுடையது, பெரிய சக்தி இல்லை. ஆனால் எடை குறைவு என்பதால் அதுவே போதுமாக இருந்தது. விலையும் ஓர் இளைஞன் சம்பளத்தில் கடன் வாங்கிக் கட்டக்கூடியதாக இருந்தது.

பழைய கார் விரும்பிகள் இன்று ஒரு புதிய ஸ்பிட்ஃபயர் வந்தால் அதில் என்னென்ன இருக்க வேண்டும் என்று பட்டியல் போடுகிறார்கள். முதலில் எடை குறைவு. பிறகு கையால் போடும் கியர், முள் சுற்றும் வட்ட மானிகள், கையால் மடக்கும் கூரை, முழுதாகச் சாயும் பானெட், தாழ்ந்த கதவு. அந்தப் பின் அச்சை மட்டும் யாரும் திரும்பக் கேட்பதில்லை. இந்தப் பட்டியலை இன்றைய சட்டம் பாதிக்குமேல் அடித்துவிடும். மோதினால் நடந்துபோகிறவர் தலை எஞ்சினில் இடிக்காதபடி பானெட்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவே இடைவெளி வேண்டும், ஆகவே மூக்கு உயர்ந்துவிடுகிறது. பக்கவாட்டு மோதலைத் தாங்கக் கதவுக்குள் இரும்புச் சட்டம் வேண்டும், ஆகவே கதவு தடித்து உயர்கிறது. காற்றுப்பை, பிரேக்குக் கணினி எல்லாம் சேர்ந்து எடையை ஏற்றுகின்றன. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. பேரன் உட்காரும் வண்டியில் அந்தச் சட்டங்கள் எல்லாம் இருக்கட்டும் என்றுதான் நானும் சொல்வேன். 1989இல் ஜப்பானின் மாஸ்டா நிறுவனம் எம்எக்ஸ்-5 என்று விட்டதே, அந்தச் சிறிய ஆங்கிலத் திறந்த கார்களின் குணத்தைக் கூடுமானவரை காப்பாற்றியது அது ஒன்றுதான். 10 லட்சத்துக்கும் மேல் விற்றிருக்கிறது.

டிரையம்புக்கு அவர் வரைந்த மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1961இல் டிஆர்4, 1963இல் டிரையம்ப் 2000, 1966இல் ஸ்பிட்ஃபயருக்குக் கூரை போட்டுப் பெரிய எஞ்சின் வைத்த ஜிடி6. பிறகு ஸ்டாக். ஓடித் தேய்ந்த டிரையம்ப் 2000 ஒன்றைக் கேட்டு வாங்கி, கண்காட்சிக்கென்று கூரையை வெட்டித் திறந்த காராக்கினார் மிக்கெலோட்டி. டூரினுக்கு வந்த வெப்ஸ்டர் அதைப் பார்த்துவிட்டு, கண்காட்சிக்குப் போகவே விடாமல் கோவென்ட்ரிக்குக் கொண்டுபோய்விட்டார். 1970இல் ஸ்டாக் வெளிவந்தது. உடலைப் பாராட்டாதவர் இல்லை. ஆனால் உள்ளே வைத்த எஞ்சின் சூடேறிச் சூடேறி நடுவழியில் நின்று, அந்தக் காரின் பெயரையே கெடுத்தது.

வணிகவியல் படித்தவன் என்பதால் எனக்கு இதைவிட ருசியாகப்பட்ட கதை ஜெர்மனியில் நடந்தது. 1950களின் இறுதியில் பிஎம்டபிள்யூ திவால் விளிம்பில் நின்றது. இன்றைக்கு நம்ப மாட்டீர்கள். பெரிய ஆடம்பரக் கார் செய்து நஷ்டப்பட்டு, முட்டை வடிவில் குட்டிக் கார் செய்து காலம் தள்ளிக்கொண்டிருந்தார்கள். நடுத்தரக் குடும்பத்துக்கு விற்க எதுவும் இல்லை. வியன்னாவில் பிஎம்டபிள்யூ இறக்குமதி செய்த வொல்ஃப்காங் டென்சல் என்பவர் மிக்கெலோட்டியிடம் போய், மோட்டார் சைக்கிள் எஞ்சினைப் பின்னால் வைத்து ஓடும் சிறு கார் ஒன்றை வரையச் சொன்னார். அதுதான் பிஎம்டபிள்யூ 700. 1959இல் காட்டப்பட்டது.

அதே ஆண்டு டிசம்பர் 9 அன்று பங்குதாரர் கூட்டம். நிறுவனத்தை டைம்லர் பென்ஸிடம் ஒப்படைக்கும் தீர்மானம் தயாராக இருந்தது. வங்கிகள் சம்மதித்துவிட்டன. சிறு பங்குதாரர்கள்தான் எதிர்த்தார்கள். அவர்கள் தரப்பு வக்கீல் இருப்புநிலைக் குறிப்பைப் புரட்டிப் பார்த்ததில் ஒன்று சிக்கியது. 700 காரை உருவாக்கிய செலவு முழுவதையும் ஒரே ஆண்டின் கணக்கில் எழுதித் தள்ளியிருந்தார்கள். பல ஆண்டுகளுக்குப் பயன் தரப்போகும் செலவு அது. கணக்குக் குறைபாடுள்ளது என்று சொல்லிக் கூட்டத்தைத் தள்ளிவைக்கப் பத்து சதவீத வாக்கு போதும். கிடைத்துவிட்டது. கூட்டம் தள்ளிப்போனது, விற்பனை நின்றது, பிறகு ஹெர்பர்ட் குவாண்ட் பணம் போட்டார். 700 கார் 1965 வரை 1 லட்சத்து 88 ஆயிரத்துக்கும் மேல் விற்றது. அடுத்து 1961இல் வந்த பிஎம்டபிள்யூ 1500க்கும் மிக்கெலோட்டி ஆலோசகராக இருந்தார். பி.காம். இரண்டாம் ஆண்டில் மூலதனச் செலவு, வருவாய்ச் செலவு என்று மனப்பாடம் செய்தபோது இந்தக் கதையை யாராவது சொல்லியிருந்தால் இன்னும் நன்றாகத் தேறியிருப்பேன்.

பின்னாளில் டிரையம்ப் என்ற கார்ப் பெயர் கைமாறிக் கைமாறி 1994இல் பிஎம்டபிள்யூவிடமே போய்ச் சேர்ந்தது. இன்றும் அவர்களிடந்தான் இருக்கிறது. புதிய ஸ்பிட்ஃபயர் வேண்டும் என்று கேட்கிறவர்கள் மியூனிக்கிடம்தான் கேட்க வேண்டும்.

பிரான்சிலிருந்து ழான் ரெதெலே என்ற ரெனோ கார் முகவரும் 1950களின் தொடக்கத்திலேயே அவரிடம் வந்திருந்தார். தியெப் என்ற துறைமுக ஊர்க்காரர், மலைப்பாதைப் பந்தயக்காரர். ஆல்பைன் என்ற பெயரில் அவர் செய்த கார்களுக்கு மிக்கெலோட்டி திறந்த உடல் வரைந்து கொடுத்தார். அதற்குக் கூரை போட்டுச் செப்பம் செய்தவர்கள் ஆல்பைன் பட்டறைக்காரர்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் 1962இன் ஏ110. நடுவில் முதுகெலும்புபோல ஒரே இரும்புக் குழாய், மேலே கண்ணாடி இழை உடல், பின்னால் ரெனோ எஞ்சின். முன்னால் நான்கு விளக்கு. 1971இலும் 1973இலும் மாண்டி கார்லோ ராலியை வென்றது. 1973இல் முதன்முதலாக நடந்த உலக ராலிச் சாம்பியன் பட்டமும் அதற்கே.

பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு நவீன வாரிசு வேண்டும் என்று கேட்டவர்களுக்கு ஓரளவு நியாயம் கிடைத்த இடம் இதுதான். 2017இல் அதே தியெப் ஊரில் அதே பெயரில் புதிய ஏ110 வந்தது. நான்கு வட்ட விளக்கு இருக்கிறது. பானெட் நடுவில் ஓடும் வரம்பு இருக்கிறது. வளைந்த பின் கண்ணாடியும் இருக்கிறது. உடலும் சட்டமும் அலுமினியம். எடை சுமார் 1,100 கிலோ. பழையதைவிட அதிகந்தான். ஆனால் நம் பார்க்கிங்கில் நிற்கும் நடுத்தர எஸ்யூவிகளைவிடக் குறைவு. எஞ்சின் பின் அச்சுக்குப் பின்னால் இல்லாமல் முன்னால் வந்துவிட்டது. வளைவில் அதுதான் நல்லது. கேட்டுக் கிடைக்காதது ஒன்று உண்டு. கையால் போடும் கியர். தானாக மாறும் கியர் மட்டுமே. அடுத்த ஏ110 மின்சாரக் காராக இருக்கும் என்று நிறுவனமே சொல்லிவிட்டது. மின்கலத்தின் எடையை வைத்துக்கொண்டு லேசான கார் செய்வது எப்படி என்று அங்கே மண்டையை உடைத்துக்கொண்டிருப்பார்கள்.

என் சொந்த அபிப்பிராயம், வாரிசு என்பது விளக்கையும் வரம்பையும் மட்டும் காப்பியடிப்பது இல்லை. என் மாமனார் பழைய கோர்வைக் கரையைப் புதிய புடவைக்கு மாற்றும்போது முதலில் இழையின் கனத்தைப் பார்ப்பார். உருவம் அப்புறம். கனம் தப்பினால் அதே மயில் வாத்து மாதிரி தெரியும் என்பது அவர் கட்சி.

ஜப்பானுக்கும் மிக்கெலோட்டி வரைந்தார். பிரின்ஸ் ஸ்கைலைன் ஸ்போர்ட், ஹினோ கொன்டெஸ்ஸா. ஹாலந்தின் டாஃப் 44 அவருடையது. ஃபியட் 850இன் மேல் பிரம்பு இருக்கை வைத்துக் கடற்கரையில் ஓட்ட ஒரு வண்டி செய்தார், ஷெல்லெட் என்று பெயர். இங்கிலாந்தின் லேலண்டு நேஷனல் பேருந்துக்கும் அவரே முகம் வரைந்தார். ஃபெராரி வரைந்த கை டவுன் பஸ்ஸையும் வரைந்தது. மொத்தம் 1,200க்கும் மேற்பட்ட வடிவங்கள் என்று கணக்குச் சொல்கிறார்கள்.

1970களில் காற்று மாறியது. கூரான, ஆப்பு போன்ற வடிவங்கள் வந்தன. பிரிட்டிஷ் லேலண்டு என்று பெரிதாகிவிட்ட நிறுவனம் 1975இல் டிஆர்7 காரைத் தன் சொந்த ஆட்களை வைத்தே வரைந்துகொண்டது. டூரினில் ஜியூஜாரோ போன்ற இளையவர்களின் பெயர் மேலே வந்தது. (பின்னாளில் நாம் ஓட்டிய மாட்டிஸ் அந்த ஜியூஜாரோவின் நிறுவனம் செய்தது. டாடா இண்டிகாவும் டூரின் வடிவமைப்புதான்.) மிக்கெலோட்டி நிறுத்தவில்லை. 1980 ஜனவரி 23 அன்று டூரினிலேயே காலமானார். வயது 58. நம் வங்கி விதிப்படி பார்த்தால் ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருஷம் மீதி. அதே ஆண்டில்தான் ஸ்பிட்ஃபயரின் உற்பத்தியும் நின்றது. அவர் கடைசியாக வரைந்தவற்றுள் ஒன்றான ரிலயன்ட் சிமிட்டார் எஸ்எஸ்1, இரண்டு பேர் உட்காரும் திறந்த கார், அவர் இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து 1984இல் வந்தது. அவருடைய வரைபடங்களை மகன் காத்துவருகிறார். எந்தக் காரை யார் வரைந்தது என்று இன்று நமக்குத் தெரிவதற்கு அந்தத் தாள்களும் ஒரு காரணம்.

நம் பார்க்கிங் விஷயத்தில் பொதுக்குழு எப்படி முடிவெடுத்தாலும் எனக்குச் சம்மதமே. இடப் பற்றாக்குறை நிஜம், என் மருமகளின் ஸ்கூட்டரே வெயிலில்தான் நிற்கிறது. ஒரு கார் போனால் ஆறு ஸ்கூட்டர் நிற்கும் என்ற கணக்கிலும் தப்பு இல்லை. கூட்டத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு அந்தத் தார்ப்பாயை முழுதாக எடுத்துவிட உரிமையாளர் சம்மதித்திருக்கிறார். பேட்டரி இல்லை, ஸ்டார்ட் ஆகாது. பானெட் மட்டும் திறக்கும், எண்ணெய் போட்டு வைத்திருக்கிறோம். பார்க்க வருகிறவர்கள் முன் மட்கார்டில் சாய வேண்டாம். அதுவும் பானெட்டோடு சேர்ந்தே எழும்பும். பூனைக்குட்டிகளை அதற்கு முன்பே இடம் மாற்றும் பொறுப்பை அந்தக் கல்லூரிப் பையன் ஏற்றுக்கொண்டிருக்கிறான்.